பத்து வரை எண்ணுதல்

திங்கட்கிழமை, எட்டு மணி, கொக்குவில்.
இடாப்பில் நூற்றிப் பன்னிரண்டு பேர்,
மண்டபத்தில் தொண்ணூறு கதிரை.
மின்சாரம் இருந்தால் புரொஜெக்டர்,
இல்லாவிட்டால் என் தொண்டை.

முதல் வருடம் முழுக்க
நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்:
"விளங்கிச்சுதோ?"
"ஓம் மிஸ்."
ஓமுக்குப் பொருள் கேட்டுப்
பிரமனையே குட்டிச் சிறைவைத்த கதை
நல்லூரில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல.
ஒருநாளும் நான் கேட்கவில்லை
அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று.
விடைத்தாள் கட்டை அவிழ்த்தபோதுதான்
எனக்கு விளங்கியது.
அறுபத்தொன்பதாவது தாளில்
சிவப்புப் பேனை முடிந்தது.

பயிற்சிப் பட்டறையில் ஒருவர் சொன்னார்:
கேள்வியைக் கேளுங்கள்.
பிறகு வாயை மூடுங்கள்.
பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள்.
நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

தேநீர் வேளையில் நாங்கள் சிரித்தோம்.
பதினைந்து வாரப் பாடத்திட்டம்,
இரண்டு வாரம் வேலைநிறுத்தம் தின்றது,
ஒன்றை வெள்ளம்.
இதில் பத்து எண்ண யாருக்கு நேரம்?

ஆனாலும் எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று. மின்விசிறி.
இரண்டு. யாரோ கொப்பி புரட்டுவது.
நான்கில் ரயில் கடவை மணி.
ஐந்தில் முன்வரிசை ஜெனோதன் கை உயர்ந்தது,
அது எப்போதும் உயர்கிற கை,
காணாததுபோல் யன்னலைப் பார்த்தேன்.
ஏழில் பதிலை நானே சொல்லிவிட்டேன்.
ஏழுக்கும் பத்துக்கும் இடையில்
இவ்வளவு தூரம் என்று
எந்தக் கணிதமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்பதாம் கிழமை
புத்தகத்து அமெரிக்கத் தொழிற்சாலையின்
ஆணி நீளங்களை மூடிவைத்தேன்.
இன்று வீட்டிலிருந்து இங்கே வர எத்தனை நிமிடம்?
பெயர் வேண்டாம், துண்டில் எழுதுங்கள் என்றேன்.
இணுவில் பன்னிரண்டு.
மானிப்பாய் இருபது.
சாவகச்சேரி ஐம்பத்தைந்து, பஸ் பிந்தினால் எழுபது.
ஒரு துண்டில் மட்டும்
இருநூற்றி நாற்பது.

கரும்பலகையில் அந்தப் புள்ளி
தனியே, கோட்டுக்கு வெளியே நின்றது.
இதை என்ன செய்யலாம்?
"வெட்டலாம் மிஸ்," ஜெனோதன்.
புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது.
டஸ்டரைக் கையில் எடுத்துவிட்டேன்.
வேறு யாராவது?

ஆறு. ஏழு. சோக்கட்டியைக் கடித்துக்கொண்டேன்.
எட்டு.
ஒன்பதில், கதவோரம்,
"அதை ஏன் மிஸ் வெட்டவேணும்?
அது பிழையான எண் இல்லை.
படகு."

அன்ரனிற்றா. நெடுந்தீவு.
வெள்ளி பின்னேரம் போய்
திங்கள் விடியப் படகேறி,
குறிகட்டுவானில் பஸ் பிடித்து,
பத்து மணிக்கு வந்து இருப்பவள்.
எட்டுத் திங்களும்
அவள் பெயருக்கு நேரே
'வரவில்லை' என்று போட்டது என் கை.

இரண்டு தரம் கணக்கிடச் சொன்னேன்,
அவளை விட்டும், அவளைச் சேர்த்தும்.
சராசரி இரண்டு நிமிடம்கூட அசையவில்லை.
நியம விலகல்தான் துள்ளியது,
பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்கு.
அன்றைக்கு யாரும் ஓம் சொல்லவில்லை.
சண்டை பிடித்தார்கள்.
மணி அடித்தும் எழும்பவில்லை.

துறைத் தலைவரிடம் போனேன்,
திங்கள் வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று.
"மண்டபம் இல்லை. எண்பது வீத வரவு, சட்டம்."
உடனே சொன்னார்.
ஒன்றுகூட எண்ணவில்லை.

இன்று மறுபடி திங்கள்.
வாடைக்காற்று, கடல் சரியில்லையாம்.
பத்து மணி கடந்துவிட்டது.
இடாப்பு திறந்திருக்கிறது.
பேனையை வைத்துவிட்டுக் கேட்கிறேன்:
வராத எண்ணை எப்படிக் கணக்கில் எடுப்பது?

ஒன்று.
இரண்டு.
ஜெனோதன் கை உயர்த்தவில்லை,
கதவைப் பார்க்கிறான்.
மூன்று.