இரண்டு எண்கள்

டுலூத்தில் ஏப்ரலிலும் பனி கிடக்கும்.
அப்படியொரு வாரத்தில்தான்
எய்னாரி ரௌத்தியோ வீட்டுச் சாவியை
என் மேசைமேல் வைத்தார்.
கூடவே ஒரு எண்ணையும்.

"இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று போடு.
இரண்டு பத்து வந்தாலும் கொடுத்துவிடுவேன்.
ஹெல்மி போன பிறகு
அந்த மாடிப்படி என்னை ஏற விடுவதில்லை."

கையெழுத்து விழுந்தது.
அந்த நொடியிலிருந்து அவருடைய முழங்கால் வலிகூட
நான் வெளியே சொல்லக் கூடாத செய்தி.

சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்தேன்.
கடை பிஸ்கட், காபி,
காலணி கழற்றிவிட்டுக் காலுறையோடு
அறை அறையாக நடக்கும் அந்நியர்கள்.
கடைசியில் வந்தாள் டெஸ்ஸா புலாங்கர்,
இரவுப் பணி கசங்கிய செவிலியர் உடையில்.
பின்னால் அவள் கணவன், கையில் அளவுநாடா.

'நில்லுங்கள், நான் விற்பவரின் ஆள்'
என்று ஒரு வாக்கியம் உண்டு.
வணக்கத்துக்கு அடுத்து வரவேண்டியது.
நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
அவளோ ஜன்னலில் ஏரியைப் பார்த்துவிட்டாள்.
"வங்கி இரண்டு முப்பத்தைந்து வரை தரும்.
எங்களுக்கும் நீங்களே பாருங்களேன்."

பிறகு படிவங்கள்.
இரு தரப்புக்கும் ஒரே முகவர்,
எனக்குச் சம்மதம், எனக்குச் சம்மதம்,
மூன்று பேனா, ஒரே மை.
பொய் சொல்லமாட்டேன்:
இரட்டைத் தரகு வந்தால்
என் காரின் கியர்பெட்டி சரியாகும் என்று
மனம் அங்கேயே கணக்குப் போட்டது.

இப்போது ஒரே வாயில் இரண்டு எண்கள்.
ஒன்று நழுவினால் கிழவர் நட்டப்படுவார்,
மற்றது நழுவினால்
அந்தப் பெண் இன்னும் எத்தனை இரவு விழிக்க வேண்டும்.
பல்வலிக்காரி போல
ஒரு வாரம் தாடையை இறுக்கித் திரிந்தேன்.

புதன்கிழமை மகன் கூப்பிட்டான், மினியாபொலிஸிலிருந்து.
"நிலவறையில் புதுக் கம்பளம் போட்டாயிற்று.
வடமூலைக் கசிவைப் பற்றி
கேட்டால் மட்டும் சொல். நீ எங்கள் ஆள்தானே?"

உங்கள் ஆள்தான், குர்ட்.
உன் அப்பாவின் எண் என்னோடு மண்ணுக்குள் போகும்.
தண்ணீரைப் புதைக்க முடியாது,
மேலே வரும்.
அது ரகசியம் இல்லை,
அது வீடு.

அவன் போனை வைத்துவிட்டான்.
கிழவரே எழுதினார், நடுங்கும் பெரிய எழுத்தில்,
குறைகளுக்கான கட்டத்தில்:
"வடமூலை. பனி உருகும்போது. வாளி போதும்."

இரண்டு பதினெட்டு என்றார்கள் அவர்கள்.
இரண்டு முப்பத்திரண்டு என்றார் அவர்.
ஒவ்வொரு முறையும் இரு பக்கமும்
என் முகத்தைப் பார்த்துக் கேட்டது:
நீ என்ன நினைக்கிறாய்?
நினைப்பு எனக்குத் தடை செய்யப்பட்டிருந்தது.
தபால்காரி போல உறையைக் கொடுத்துவிட்டு
வாசலிலேயே நின்றேன்.
இரண்டு இருபத்தாறில் முடிந்தது.
அது நியாயமா?
எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.
எனக்கும் தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து, மளிகைக் கடையில்,
தள்ளுவண்டிக்குள் ஒரு குழந்தை,
டெஸ்ஸா என் முழங்கையைப் பிடித்தாள்.
"அவர்தான் போய்விட்டாரே.
இப்போதாவது சொல்லுங்கள்,
இன்னும் குறைத்திருப்பாரா?"

ஒப்பந்தம் முடிந்துவிட்டது.
தரகு கியர்பெட்டியாகி, காரும் பழசாகி, விற்றுமாயிற்று.
எண் மட்டும் கடைவாயில் அப்படியே இருக்கிறது.

"வடமூலை எப்படி இருக்கிறது?" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இப்போது இரண்டு வாளி" என்றாள்.