நிகர எடை

ஞாயிறு மாலை. ஆலைப் புகைபோக்கி சும்மா நிற்கிறது.
கடைசிப் பழ லோரி நாலு மணிக்கே போய்விட்டது.
எடைப்பாலத்தின் மேல் இப்போது
எங்கள் பிக்அப்,
அதன் பின்னால் வெள்ளை டிரெய்லர்,
தாப்பாவுக்குப் புதிதாய்ப் பல் முளைத்த மாதிரி.

பதினோரு வருடமாய் இந்தச் சன்னலுக்குப் பின்னால் இருக்கிறேன்.
வரும் எடை, போகும் எடை, கழித்தால் நிகர எடை.
எத்தனை டிரைவர்கள் "ஏழு டன்தான் அக்கா" என்று
கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.
பாலம் யார் கண்ணையும் பார்ப்பதில்லை.

ஈப்போ ஆ கியோங் சொன்னது தொள்ளாயிரம் கிலோ.
யோகேஸ்வரன் நம்பினான்.
என்னையும் அப்படித்தான், கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டான்.
கொக்கியைக் கழற்றி, பிக்அப்பை முன்னால் எடுத்து,
டிரெய்லரை மட்டும் நிறுத்தினோம்.
ஆயிரத்து முந்நூற்று எண்பது.

"அதனால என்ன? இது ரெண்டரை டன் இழுக்கும்.
புத்தகத்துலயே போட்டிருக்கு."

போட்டிருக்கிறது.
அடுத்த வரியிலும் ஒன்று போட்டிருக்கிறது, பொடி எழுத்தில்:
பின்வண்டிக்குச் சொந்த பிரேக் இல்லையென்றால்
எழுநூற்றைம்பது.

குனிந்து பார்த்தேன்.
பிரேக் கம்பி இருந்த இடத்தில்
துருவும் ஒரு குளவிக் கூடும்.

கேமரன் மலை ஏறுவது பெரிய காரியமில்லை.
டீசல் ஊற்றினால் எதுவும் ஏறும்.
முட்டைக்கோஸ் லோரிகள் இறங்கும்போது முகர்ந்திருக்கிறாயா,
ரிங்லெட்டைத் தாண்டி, வளைவுக்கு வளைவு
ஏதோ கருகும் வாடை.
அந்த எண் இழுப்பதைப் பற்றியதில்லை, யோகேஸ்.
நிற்பதைப் பற்றியது.

அவன் பேசவில்லை.
தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டான்.
எண்பது லிட்டரும் பாலத்தில் ஓடி வடிகாலில் விழுந்தது.
கேஸ் தோங்கை இறக்கினான். ஜெனரேட்டரை இறக்கினான்.
மடக்கு நாற்காலி ஆறு; நாங்களோ மூன்று பேர்.
"யாராவது வந்தா?" என்றான், ஆறாவதை வைத்துக்கொண்டு.

"தோசைக்கல்?"
"அது இருக்கட்டும்."
"ஆறு கிலோ."
"இருக்கட்டும்னு சொன்னேன்."

காவலுக்கு வந்த பாக் சமாட் டார்ச் அடித்துப் பார்த்தார்.
இது வண்டியா வீடா என்று கேட்டார்.
அதைத்தான் நாங்களும் நிறுத்துப் பார்க்கிறோம்.

தோசைக்கல்லோடு ஆயிரத்து நாற்பது.
எல்லாவற்றையும் இறக்கியும் ஆயிரத்து நாற்பது.
முந்நூற்று நாற்பது கிலோ விடுமுறை
சிமெண்டுத் தரையில் கிடக்கிறது,
ஈரமாய்.
இனி இறக்க வண்டிதான் பாக்கி.

ரசீது அடிக்க இயந்திரம் சரக்கின் பெயர் கேட்கும்.
பழக்குலை, எண்ணெய், கொட்டை.
மூன்றே குறியீடு.
குடும்பத்துக்குக் குறியீடு இல்லை.
பழக்குலை என்று அழுத்தினேன்.

"சரி, மலை வேணாம். குவாலா வோ வரைக்கும்?
அது சமதரைதான்."
சமதரையிலும் மாடு குறுக்கே வரும்.
பீடோரில் ஒரு பட்டறை இருக்கிறது.
மூன்று வாரம், ஆயிரத்து நானூறு வெள்ளி.
அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு
என் சம்பள நாளை எண்ணினான், தன்னுடையதையும்.

டிரெய்லரைத் தள்ளி ஓரமாய் விட்டோம்.
பாலம் காலியாக, திரை சுழியத்துக்குத் திரும்பியது.
அப்போதுதான் கயல்மதி
என் காலடியிலிருந்து நழுவி
முழங்காலால் நடந்து
இரும்புத் தகட்டின் நடுவே போய் உட்கார்ந்தாள்.
தேங்கிய தண்ணீரை இரண்டு கையாலும் அடித்தாள்.

திரையில் சுழியம்.

இருபது இருபது கிலோவாய்த்தான் இந்தப் பாலத்துக்கு எண்ணத் தெரியும்.
அதற்குக் கீழே எதுவும் இல்லை, யாரும் இல்லை.
பதினோரு வருடத்தில் எனக்கு இது உறைத்ததே இல்லை.

ரசீதின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
இன்னும் எட்டு.

பட்டறைக்காரரிடம் அதைத்தான் காட்டப் போகிறேன்.