ஜன்னல் இல்லாத அறையில் ஏழு கோட்டைகள்

ஷார்ஜா ரோலாவில்
பலகை அடித்துப் பிரித்த என் அறைக்கு
ஜன்னல் கிடையாது.
அதற்காக வாடகையில் நூறு திர்ஹம் குறைத்தார்கள்.
எனக்கு இரட்டை லாபம்:
வெயில் பட்டால் முதலில் போவது நீலம்தான்.

கட்டிலுக்கடியில் தட்டைப் பெட்டி.
அதற்குள் ஏழு ஜப்பானியக் கோட்டைகள்,
மரத்தில் செதுக்கித் தாளில் ஒற்றியவை.
ஈரம் ஏறாமலிருக்க
கம்ப்ரெசர் அட்டைப்பெட்டிகளில் வரும்
சிலிக்காப் பொட்டலங்கள்.

முதலாவது கிடைத்தது பழைய சாமான் கடையில்,
குழந்தை சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் நடுவே.
கரிய கோட்டை. பனி.
அகழியோரம் குடையோடு ஒருவன்,
முகம் செதுக்கப்படாதவன்.
நாற்பது என்றான் கடைக்காரன்,
சட்டத்துக்கு விலை சொல்லியிருப்பான்.
அன்று நிழலிலேயே நாற்பத்தேழு டிகிரி.
ஃப்ரீசர் காயிலில் சுரண்டியது தவிர
வேறு பனி பார்த்ததில்லை நான்.

ஐந்தாவதின் விலையை
அமுதவல்லியிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"காகிதத்துக்கா ரெண்டு கிராம் தங்கம்?"
என்றாள்.
அப்புறம் போனை நெருக்கிப் பிடித்து
"அந்த வாசல்ல நிக்கிறது நாயா?"
நான் கவனித்திருக்கவில்லை.
நாய்தான்.

உப்புநீர் ஆலையில் சில்லர் பழுது பார்த்தபோது
பொறியாளர் ஹயாஷிடாவிடம்
ஓரத்துச் சிவப்பு முத்திரையைக் காட்டினேன்.
அதைப் படிக்காமல் கோட்டையையே பார்த்தார்.
"இது போரில் எரிந்துபோனது.
இப்போது நிற்பது சிமெண்ட். லிஃப்ட் உண்டு."
எத்தனை டன் ஏசி, என்று கேட்டுவிட்டேன்.
வெகுநேரம் கழித்துத்தான் சிரித்தார்.

எரிந்தது என்று தெரிந்த இரவு
அதை மட்டும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
பின்புறம் மங்கலாக, இடவலம் மாறிய கோட்டை;
அதன்மேல் வட்டவட்டமாய்
எவனோ உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்த தடம்.
கூரைப் பக்கம் பலமாக,
வானத்தில் களைத்து.
மதில்களை மறந்துவிட்டு
அந்தக் கையின் வலியை யோசித்துக்கொண்டிருந்தேன்.
பலகைக்கு அப்பால் சிராஜுதீன்
விளக்கை அணைக்கச் சொல்லித் தட்டினான்.

நேற்று கதவில் நோட்டீஸ்.
பலகைத் தடுப்புகள் எல்லாம் பத்து நாளில் இறங்க வேண்டும்.
சிராஜுதீன் அல் நஹ்தாவில் இடம் பார்த்துவிட்டான்:
நாலு பேர், நல்ல காற்று, பெரிய ஜன்னல்.
கடல்கூடத் தெரியுமாம்.

வடக்குப் பார்த்த ஜன்னலா
என்று செய்தி அனுப்பியிருக்கிறேன்.
மூன்று மணி நேரமாகிறது.
பார்த்துவிட்டான்,
பதில் இல்லை.