கட்டுக்கம்பி

மாட்டுக்கு நாலு வயிறென்று சொல்வது பிழை.
வயிறு ஒன்றுதான், அறைகள் நாலு.
முதலாம் ஆண்டில் எனக்கு இதற்கு
அரைப் புள்ளி வெட்டினார்கள்.

வயாவிளானில், தவமலர் அக்காவின் வளவில்
செம்மண்ணில் கால் அகட்டி நின்றது ஜேர்சிக் கலப்பு.
முழங்கையை வெளியே தள்ளி,
முதுகைக் கூனி,
படுக்கப் பயந்ததுபோல.
"மூண்டு நாளாய் அசை போடேல்லை பிள்ளை.
ஆறு லீற்றர் கறந்தது, இண்டைக்கு ஒரு சுண்டு."

இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால்
ஒரு பள்ளம்.
அதில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.
இரண்டு நிமிசத்தில் மூன்று தரமாவது
தூரத்து லொறியொன்று மரப்பாலம் ஏறும் சத்தம் வரவேணும்.
ருவந்தி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
லொறி வரவில்லை.

முன்னங்காலுக்குள் கையை நுழைத்து இதயத்தைத் தேடினேன்.
அங்கே ஆரோ
நிறைந்த வாளியோடு நடந்து போனார்கள்.
தண்ணி தளம்பியது.
கழுத்து நாளம் கயிறாய்ப் புடைத்து நின்றது.

"என்ன வருத்தம்?" என்று கேட்டா.
வாய்க்கு வந்த சொற்கள் எல்லாம் லத்தீன்.
அவற்றை என்னைவிட வேகமாய்ச் சொல்ல
வகுப்பில் ஆளில்லை.
தமிழில் தேட, கிடைத்தது இறைச்சிக்கடைத் தமிழ்:
முதலாவது துவாய். அடுத்தது தேன்கூடு.
மூன்றாவது, தாள் தாளாய், புத்தகம்.
நாலாவது எங்கட வயிறு மாதிரி.
"தேன்கூட்டுக்குள்ள ஏதோ குத்திக்கொண்டு நிக்குதக்கா.
அதிலயிருந்து நெஞ்சுக்கு நாலு விரல் தூரம்."
அவ தன்னுடைய நெஞ்சில்
நாலு விரலை வைத்துப் பார்த்தா.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை.
நாக்கால் சுருட்டும், இழுக்கும், விழுங்கும்.
எது புல், எது புல்லில்லை என்பதைப்
பிறகு படுத்திருந்து ஆறுதலாய் யோசிக்கும்.
பாரமானது மட்டும்
யோசனைக்குத் திரும்பி வருவதில்லை.

வியாழன் விடிய முந்திச் செத்தது.

இடப்பக்கம் நிலத்தில் படக் கிடத்தினோம்.
ருவந்தி கத்தி பிடித்தாள், நான் விலாவைத் தூக்கினேன்.
வேலியோரம் சனம்.
"செல் துண்டாய்த்தான் இருக்கும்."
"சீ, முள்ளுக்கம்பி. ஆமி சுத்தின வேலி."
இருபத்தைந்து வருசம் பூட்டிக் கிடந்த காணி.
எனக்கும் அதே நினைப்பு.
அப்படியே இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

துவாய் அறைக்குள் முழங்கை மட்டும் கை போனது.
இன்னும் சூடு.
புல் நொதிக்கிறது, நுரை பொங்குகிறது,
கண்ணுக்குத் தெரியாத கோடிப்பேர்
வழமைபோல வேலைக்கு வந்திருக்கிறார்கள்.
மாடு செத்த செய்தி
அவைக்கு இன்னும் போகேல்லை.

பிறகு தேன்கூடு.
ஒரு கல்லு, ஒரு பழைய இரண்டு ரூபாய்க் குத்தி.
சுவரைத் துளைத்து, பிரிமென்றகட்டைத் தாண்டி,
இதய உறைக்குள் முனையை வைத்திருந்தது அது.
மூன்று அங்குலம். கறுப்பு. ஒரு பக்கம் முறுக்கு.
உறைக்குள் சீழ், கலக்கிப் பொரித்த முட்டைபோல.

தவமலர் அக்கா கையை நீட்டி வாங்கினா.
பைப்பில் பிடித்துக் கழுவினா.
முறுக்கை நகத்தால் தடவிப் பார்த்தா.
"இது கட்டுக்கம்பி," என்றா.
"எங்கட பீமுக்குக் கட்டினது."
பின்னால் வீட்டுத்திட்ட வீடு, பூசாத சுவரோடு.
கடைசித் தவணை காணாமல்
கூரைக்கு இந்த மாட்டின் பால்காசைத்தான் போட்டவவாம்.

வேலியோரச் சனம்
ஒவ்வொருவராய்க் கலைந்தது.

அறிக்கையில் மரணத்துக்கான காரணம் என்ற பெட்டிக்குள்
ஒரு வரிக்குத்தான் இடம்.
அந்நியப் பொருள், என்று எழுதினேன்.
எழுதிவிட்டு முதல் சொல்லையே
பார்த்துக்கொண்டு இருந்தேன்.

படலையடியில்
பால் எடுக்கிற பெடியன்
இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.