தூசி

சனிக்கிழமைகளில் கணக்கெழுதுகிறேன்,
வுப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே
ரயில் தலைகீழாய்த் தொங்கியோடும் ஊரில்,
அமெரிக்கக் கால்பந்துக்கு.
யார் ஓடினான், எத்தனை யார்டு,
யார் எறிந்தான், யார் பிடித்தான், யார் கைநழுவவிட்டான்:
எல்லாவற்றுக்கும் கட்டமுண்டு.
நாற்பத்து நான்காம் எண்ணுக்கும் உண்டு.
எழுதத்தான் ஒன்றுமில்லை.

டோர்பென் வீஷர். ஃபுல்பேக்.
நூற்றுப் பதினான்கு கிலோ.
பந்தோடு ஓடுகிற மார்க்கீஸுக்கு
நாலடி முன்னால் குனிந்து நிற்பான்.
பந்து அசைந்ததும்
திறப்பில் எவன் வருகிறானோ
அவன் மார்பில் போய் இடிக்க வேண்டும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.
பிறகு என்ன ஆயிற்றென்று
கூட்டத்தின் இரைச்சலை வைத்துத்தான் அறிவான்;
முகம் புல்லில் கிடக்கும்.

அந்தச் சத்தம் என் மேசைவரை வரும்,
யாரோ கோபத்தில்
கார்க் கதவை அறைந்து சாத்துவதுபோல.
ஓர் ஆட்டத்தில் முப்பது தடவை.
ஒன்பது பருவங்கள்.
பெருக்கிப் பார்த்திருக்கிறேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

கழகம் தருவது மாதம் தொள்ளாயிரம் யூரோ,
எல்பர்ஃபெல்டில் மாடியறை.
மார்க்கீஸுக்கு இரண்டு மடங்கு, சுவரொட்டியும் அவனுக்கே.
அதன் இடது ஓரத்தில்
வெட்டுப்பட்ட ஒரு முழங்கை தெரிகிறதே,
அதுதான் டோர்பென்.
ஆயிரம் யார்டு தாண்டிய வாரம் மார்க்கீஸ் அவனுக்கு
வாஃபிள் சுடும் இரும்பொன்று வாங்கிக்கொடுத்தான்.
எதற்கென்று
கொடுத்தவனும் சொல்லவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை.

படையின் முன்னே போகும் அணிக்குப்
பழந்தமிழில் தூசி என்று பெயர்.
யானையும் கொடியும் மன்னனும் பின்னால்.
முதல் அம்பை வாங்குகிறவனுக்கும்
அலமாரிமேல் படிவதற்கும்
ஒரே சொல் போதுமென்று விட்டது
மொழியின் கஞ்சத்தனமா, கண்ணா,
எனக்குத் தெரியாது.
அவனிடம் ஒருநாள் சொன்னேன்.
"ஷ்டௌப்?" என்று ஜெர்மனில் கேட்டுச் சிரித்தான்,
கழுத்து திரும்பாததால்
உடம்போடு திரும்பி.

ஆகஸ்டில் மருத்துவர் படத்தை விளக்கில் மாட்டினார்.
ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே
இருக்கவேண்டிய வெளி இல்லை.
ஊருக்கெல்லாம் வழி திறந்தவன் கழுத்தில்
வழி அடைத்துக்கொண்டது.

கடைசி ஆட்டம். மழை.
கோட்டுக்கு ஒரு யார்டு.
பந்தை டோர்பெனிடம் கொடுக்கச் சொல்லி
மார்க்கீஸே பயிற்சியாளரைக் கெஞ்சினானாம்.
எண்பத்து நான்கு கிலோ மார்க்கீஸ் முன்னால் நின்றான்.
டோர்பென் பின்னால்,
யாருடைய முதுகையும் பார்த்துப் பழகாதவன்,
பந்தைக் குழந்தைபோல் இரண்டு கையாலும் அணைத்து
உள்ளே விழுந்தான்.
ஒன்று என்று எழுதிவிட்டேன்.

மஞ்சள் துணி கிடந்தது ஈரப் புல்லில்.
தடுக்கத் தெரியாத மார்க்கீஸ்
எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.
செல்லாது. பத்து யார்டு பின்னால்.

அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

அடுத்த ஆட்டத்தில் வழக்கம்போல் கார்க் கதவு சாத்தியது.
மார்க்கீஸ் பதினொரு யார்டு, டச் டவுன்.
எழுந்தபோது டோர்பெனின் முகமூடிக் கம்பியில்
ஒரு கொத்துப் புல்.

ஆள்கள் கலைந்தபின் என் மேசைக்கு வந்தான்.
"எத்தனை?"
எதைக் கேட்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை.
"மார்க்கீஸுக்கு" என்றான்.
"நூற்று ஆறு."
"பரவாயில்லையே" என்று
உடம்போடு திரும்பி
மழைக்குள் போனான்.