கொண்டுவருபவருக்கு

ஜூன் மாத நோட்டுகளில் மாம்பால் பிசுக்கு இருக்கும்.
கூழ் ஆலைக் கூலி, மண்டிக் கமிஷன், லாரி வாடகை
எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து
எண்ணும் இயந்திரத்தின் தொண்டையில் சிக்கும்.
உதறி மறுபடி போடுவேன்.
காவேரிப்பட்டினம் கிளை, இரண்டாம் எண் கவுண்ட்டர்,
பதினோரு வருஷம்.

நோட்டில் ஏறாத சாமி இந்த ஊரில் இல்லை.
பிள்ளையார் சுழி. மூன்று சிலுவை.
'இதைப் பத்துத் தாளில் எழுதினால் பத்தாம் நாள் நல்ல சேதி,
எழுதாவிட்டால் ரத்தம்' வரை இருக்கும்,
மீதி கிழிந்திருக்கும்.
பழ மண்டி தஸ்தகீர் எதையும் எழுத மாட்டார்.
786-ல் முடிகிற தாள் வந்தால் எடுத்துவை என்பார்.
பதிலுக்கு அதே மதிப்பில் புதுத் தாள்;
பரக்கத்துக்கென்று ஒரு ரூபாய் கூடத் தந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மஞ்சுநாதன் மனுவோடு வந்தார்.
உரக்கடை, நடப்புக் கணக்கு.
"சாமி பேரை அச்சிலேயே போட்டுட்டா
இந்தக் கிறுக்கல் நின்னுடும் மேடம். காசும் சுத்தமாகும்."
எந்தச் சாமி என்று கேட்டேன்.
"பொதுவா, ஒரு சாமி."
நூற்றுப் பதினாலு கையெழுத்து ஆகியிருந்தது.
என் பேனா எழுதவில்லை என்றேன்.
அவர் தன் பேனாவை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்குப் பின்னால் கெம்பம்மா.
கல்குவாரிச் சனிக்கிழமைக் கூலி, ஒரே ஐந்நூறு.
காந்தியின் காதோடு ஒரு மூலை போயிருந்தது.
மிச்சத்தில் சிவப்பு மையில், பட்டையாக: ஓம் சக்தி.

கிழிந்த தாளுக்கு விதி உண்டு.
இத்தனை சதுர சென்டிமீட்டர் இருந்தால் முழுப் பணம்,
இத்தனை இருந்தால் பாதி.
ஸ்கேல் வைத்து அளந்தேன். முழுசும் கிடைக்கிற அளவு.
அதே விதியின் அடுத்த பத்தி:
அரசியலோ மதமோ பேசும் வாசகம் தாளில் இருந்தால்
கோரிக்கை தள்ளுபடி.

"நான் எழுதலீங்க. எனக்கு எழுதவே தெரியாது."
"தெரியும்மா."
"அம்மன் பேருதானே போட்டிருக்குது?"
"அதனாலதான்மா செல்லாது."
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
மனுவை மடித்துக்கொண்டிருந்த மஞ்சுநாதன்
கழுத்தை மட்டும் திருப்பினார்.

என் பையிலிருந்து ஐந்நூறு எடுத்துத் தந்தேன்.
கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
வரிசை வாசல்வரை இருந்தது, மின்விசிறி ஓடவில்லை.

இரவில் அந்தத் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறேன், வாசித்ததில்லை.
சிங்கங்களுக்கு அடியில், கடுகு எழுத்தில்,
வாய்மையே வெல்லும் என்று வடமொழியில் இருக்கிறது.
அதுவே ஓர் உபநிடத வரி என்றான் மகன், பாடப்புத்தகம் பார்த்து.
அதற்காக யாரும் வழக்குப் போட்டு நான் கேள்விப்பட்டதில்லை;
கண்ணாடி இல்லாமல் தெரியாது.
தமிழ் பதின்மூன்றாம் வரி,
சமஸ்கிருதத்துக்குக் கீழே, தெலுங்குக்கு மேலே:
ஐந்நூறு ரூபாய். தொகை மட்டும்.
கொண்டுவருபவருக்குத் தருவேன் என்கிற வாக்கு
ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.
கொண்டுவருபவர் யார் என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை.
நீறா, தொப்பியா, குளித்தாரா, குடித்தாரா,
கல் உடைத்த கையா.

டீக்கடையில் நீட்டினேன்: "வேற குடுங்கக்கா."
பெட்ரோல் பங்க்கில் பார்க்கவே இல்லை, தலையாட்டல் மட்டும்.
வீட்டுக்காரர் டாஸ்மாக் கம்பிக்குள் நீட்டினாராம்;
சாமி கண்ணைக் குத்தும் என்று சிரித்தானாம்.
கடைசியில் அங்காளம்மன் உண்டியல்.
அவள் பேர், அவள் பாடு.

ஆவணியில் உண்டியல் திறந்தார்கள்.
குங்குமமும் சூடமும் மணக்க, சாக்கில் வந்து
என் கவுண்ட்டரிலேயே இறங்கியது.
மூன்றாம் கட்டில் காது போன காந்தி.

ஸ்கேலை எடுத்தேன்.
"அம்மன் பணம் மேடம், அளக்கணுமா?"
என்றார் கோயில் எழுத்தர் பூவராகன்.
அளந்தேன். அளவு அப்படியே இருந்தது.
மொத்தத்தில் ஐந்நூறு குறைத்தேன்.
காரணம் எழுதும் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்று
'வாசகம் உள்ளது' என்று எழுதியது.
யார் எழுதியது, யாருக்கு என்பதற்கு
படிவத்தில் இடம் இல்லை.