சராசரி

எட்டாம் வகுப்பு எங்கள் வீட்டில்
ஜன்னலோர நாற்காலி.
ஏழாம் வகுப்பு, அடுப்புப் பக்கத்து நாற்காலி.
இரண்டுக்கும் நடுவே ஒரு கோடை,
நாலு அங்குல உயரம், உடைந்த குரல்.

மேசையின் அடிப்பக்கம்
ஐந்து வயதில் ஆன்செல் கிறுக்கிய எண்கள்
இன்னும் இருக்கின்றன,
மூன்று மட்டும் முகம் திருப்பிக்கொண்டு.

மொன்டானாவில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிட்டது.
ராய்ஸ் நாலரைக்கே மரலாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.
ஆறரைக்கு எழுப்பாமலே எழுந்து
பிள்ளை ஜன்னலோரம் நோட்டோடு உட்கார்ந்தால்
எந்த அம்மா சந்தேகப்படுவாள்?
படிப்பில் என்ன ஆர்வம் பார் என்று
அக்காவிடம் போனில் அளந்தேன்.

இயற்கணிதம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.
இரவில், துணி உலர்த்தும் மெஷின்மேல் புத்தகத்தை விரித்து
நின்றபடியே படிப்பேன்.
அது சூடாக இருக்கும், சத்தம் போடும்,
நான் முணுமுணுப்பது மாடிவரை எட்டாது.
விடைப் புத்தகம் ஃப்ரீசரில்,
மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில்.
பதினான்காம் கணக்குக்குத் தப்பு போட்டேன் அவனுக்கு.
விடைதான் தப்பு என்று
மூன்று இரவு கழித்து உறைத்தது.
போய்ச் சொன்னேன்.
"தெரியும்" என்றான்,
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

பிப்ரவரியில் அறிவியல் நோட்டைத் திருத்த எடுத்தேன்.
முன்பக்கமெல்லாம் வேலிக் கம்பத்தருகே பனியின் ஆழம்.
பின்னாலிருந்து, தலைகீழாக, இன்னொரு பட்டியல்:

6:52
6:49
மூடுபனி, 7:03
வரவில்லை
6:50, ஓட்டுநர் புதியவர்
6:53, முன் சீட்டில் ஒரு சிவப்புத் தொப்பி

இரண்டு முறை படித்த பிறகுதான்
அந்த மஞ்சள் பஸ் என் மண்டைக்குள் வந்து நின்றது.
க்விஸ்ட் பண்ணை வளைவில் திரும்பி
எங்கள் தபால்பெட்டியைத் தாண்டி
எட்டு வருஷமாக நிற்காமல் போகிற பஸ்.
ஆறு வயதில் அதற்குக் கையசைப்பான்.
எழுத்துக்கூட்டும் நேரம் என்று
நான்தான் திரையை இழுத்துவிடுவேன்.

கோபம் வந்தது. மறைப்பானேன்.
பல் டாக்டரிடம் இருந்த வேலையை விட்டேன்.
சராசரிப் பிள்ளையாகிவிடக் கூடாதென்று
வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.
வீட்டுக்குள் இருந்துகொண்டே
தினமும் கிளம்பிப் போயிருக்கிறான்.

கையில் சிவப்புப் பேனா.
வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?
ஓரத்தில் எழுதினேன்:
சராசரி என்ன?

நோட்டை அவன் இடத்திலேயே வைத்துவிட்டேன்.
அன்று முழுக்க
மிசௌரி ஆற்றின் கிளைகளைப் பற்றிப் பேசினோம்,
நாய்க்குப் பூச்சி மருந்து வாங்குவது பற்றிப் பேசினோம்.

மறுநாள் விடை இருந்தது,
நான் எப்போதும் கேட்கிறபடி வழிமுறையோடு.
எண்பத்தேழு காலைகள்.
மூடுபனி நாட்களைச் சேர்த்து ஒன்று, விட்டு ஒன்று.
6:52.
அதற்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில்,
ஏற்ற இறக்கம் அதிகம்,
6:45க்கே போய் நிற்பது நல்லது.

டிக் போட்டேன்.
பேனாவை மூட மறந்துவிட்டேன்,
மேசைவிரிப்பில் இப்போதும் ஒரு சிவப்புத் திட்டு.

மார்ச்சில் ஒரு காலை
காபிக் கோப்பையோடு நானே போய் நின்றேன், 6:45க்கு.
தபால்பெட்டியின் கதவு உறைந்து திறக்கவில்லை.
ஒன்பது நிமிடம் அங்கே நீளமாக இருக்கிறது.
வடக்கிலிருந்து காற்று.
அவனுடைய கோட்டு இதற்குத் தாங்காது,
கையுறையும் வேண்டும், தடிமனாக.

வெளிச்சம் வளைவில் திரும்பியது.
வேகம் குறைந்தது. கதவு மடங்கித் திறந்தது.
"யாராவது ஏறணுமா?"
உள்ளே ஈரக் கம்பளி வாசனை,
தூங்கி வழியும் தலைகள்,
யாரோ சிரிக்கிறார்கள்.
"செப்டம்பரில்" என்றேன்.
கேட்டதோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பினேன்.
ஜன்னலில் குனிந்த தலை, பென்சில்.
6:54 என்று எழுதுவான்.
நின்றது என்பதையும் எழுதுவானா, தெரியவில்லை.